மலையடி ஆலைக் கார்

"இப்ப எப்படி இறங்குறது?"

நான்கு நாளாகக் கணவரோடு பேசாதிருந்த மனைவி, வேறு வழியில்லாமல் வாய் திறந்தாள்.

அவர் கையைப் பிசைந்தார். அறுபது வருடப் பழைய குட்டிக் கார் அது. ஒரே கதவு, அதுவும் பக்கவாட்டில் இல்லை, காரின் மூக்கில். அவளோடு கடைக்குப் போய் வந்தவர், கதவே திறக்க முடியாதபடி கராஜ் சுவரை முட்டுகிற மாதிரி நிறுத்திவிட்டார். ஜன்னலில் தலைகூட நுழையாது.

"பின்னால எடுங்க."

"இந்தக் காரை ரெண்டு ஆலையில செஞ்சாங்க. ஆத்தோர ஆலைக் காருக்கு ரிவர்ஸ் உண்டு. இது மலையடி ஆலை. ரிவர்ஸே கிடையாது. பையன் வேலை முடிஞ்சு வந்து இழுத்தாத்தான் உண்டு."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம பழைய காரை வாங்கிட்டு வந்து நிறுத்தினா இப்படித்தான்!"

நான்கு நாள் கோபமும் மடை திறந்தாற்போல் கொட்டியது. திட்டு ஓய்ந்ததும் அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு மகனுக்குப் பெண் பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. அவள் இரண்டு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள்.

மாலையில் மகன் வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, உள்ளேயே உட்கார்ந்திருக்கீங்க? ரிவர்ஸ் போடவேண்டியதுதானே? ஆத்தோர ஆலைன்னு சீட்டுக்குக் கீழ தகடே இருக்கே!"

கணவர் முகம் வெளிறியது. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அவள். "காலையில அந்தத் தகட்டைத் துடைச்சதே நான்தான். நீ போய் டீ குடி. நாங்க இன்னும் பேசி முடிக்கல."