இருநூற்றில் ஒரு ஜோடி

"இன்னொரு தடவ போடு," என்றாள் ஹெலன்.

தூபா போனில் விரலை வைத்துப் பின்னால் இழுத்தாள். அந்த நடிகை மறுபடியும் காரிலிருந்து இறங்கினாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியின் கேன்டீனில் பத்துப் பெண்கள் ஒரே போனைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். டிபன் பாக்ஸ்கள் பாதியில் கிடந்தன. நேற்று மாலை பிரான்சில் ஏதோ சினிமா விழா. சிவப்புக் கம்பளம். நடிகையின் காலில் இலைப்பச்சை ஹீல்ஸ்.

இவர்கள் தைத்தது. யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பச்சையில் இருநூறு ஜோடிதான் போனது. மேல்தோலைத் தைப்பது இங்கே. அடி ஒட்டி, உள்ளே தங்க எழுத்தில் இத்தாலி என்று அச்சிடுவது அங்கே.

கேன்டீன் சுவரில், இந்த ஹீல்ஸைத் தன் பெயரில் விற்கும் பாரிஸ் கம்பெனி கொடுத்த படங்கள் இருந்தன. முதலில் குதிரைச் சேணம் தைத்த மீசைக்காரர். அப்புறம் மகாராணிகள். அப்புறம் வரிசையாக நடிகைகள்.

"அடுத்த படம் நம்மளுதுதான்டி. முடிய வாரிக்கினு வா."

"மூஞ்சிய எடுக்க மாட்டான். கைய வேணா எடுப்பான்."

ஆறாவது அடியில் நடிகை நின்றாள். குனிந்தாள். வலது கால் ஹீல்ஸைக் கழற்றினாள், பிறகு இடது. இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறினாள்.

அந்தக் கம்பளத்தில் பெண்கள் ஹீல்ஸ் இல்லாமல் நடக்கக் கூடாதாம். அதை எதிர்த்துத்தான் கழற்றினாள் என்று உலகமே கைதட்டிக்கொண்டிருந்தது.

"தில்லு பாரு! நாம கழட்டிப் போட்டா சர்தார் பாஷா மெமோ குடுப்பாரு."

சூப்பர்வைசர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஹெலன் சிரிக்கவில்லை. கத்திரிக்காய் சாதத்தை மூடி ஓரமாகத் தள்ளிவைத்திருந்தாள்.

பிப்ரவரியில், அந்தப் பச்சை லாட் கிளம்ப வேண்டிய நாளில், அவள் மெஷினில் ஊசி ஒடிந்தது.

ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஊசி கவுன்டர் நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். முழு ஊசியும் சேர்ந்தால்தான் புதிது கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். லாட் முழுவதையும் பிரித்துத் தேடுவார்கள். உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பச்சை ஹீல்ஸின் பட்டையில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். எதை உள்ளே விட்டாலும் அது கத்தும். நோட்டு ஒன்றுதான் காவல்.

ஹெலனுக்கு நுனி கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்து மேஜை, தரை, தன் புடவை மடிப்பு எல்லாம் தடவிப் பார்த்தாள். வாசலில் லாரி நின்றது. அதற்கு முந்தின மாதம்தான் இப்படித் துண்டைத் தொலைத்த சங்கீதாவை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

வைத்திருக்கக் கூடாத பழைய ஊசி ஒன்று அவள் பெட்டியில் இருந்தது. அதன் நுனியை ஒடித்து ஒட்டினாள்.

உண்மையான நுனி இருநூறு ஜோடியில் ஏதோ ஒன்றில், தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே இருந்தது. மூன்று மாதமாக அவள் அதோடுதான் தூங்கி எழுந்தாள். யாராவது செருப்பு மாட்டுவதைப் பார்த்தாலே தன் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டு கழுவப் போனார்கள். தூபா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவ."

இந்த முறை ஹெலன் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நடிகை குனியும் இடத்தில் நிறுத்தினாள். உதடு சுழிகிறதா? வலது காலைத் தூக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதா? படத்தைப் பெரிதாக்கினாள். பாதம் வந்தது. இன்னும் பெரிதாக்கினாள். கம்பளத்தில் துளி ஏதாவது தெரிகிறதா?

கம்பளமே சிவப்பு.

குத்தியிருக்க வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு ரத்தம் வரவேண்டும் என்று இவ்வளவு உருக்கமாக வேண்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் குத்தியிருந்தால் கிடைத்துவிட்டது. யாரோ இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். இன்று ராத்திரி தூங்கலாம்.

"வலது கால்ல ஏதோ உறுத்துற மாதிரி இல்ல?" சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

தூபா போனைத் திரும்ப வாங்கினாள். வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதே நடிகை, வீட்டு உடையில், கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் பேசினாள்.

"இது முந்தாநாளு போட்டதுக்கா. நாளைக்கு கம்பளத்துல நடுவுல நின்னு கழட்டப்போறேன்னு சொல்றா. சொன்ன மாதிரியே செஞ்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் குத்தல."

ஹெலன் நிமிர்ந்தாள். குத்துவதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

"காலையிலேர்ந்து நானும் அந்தக் காலத்தான் பாத்துனு இருக்கேன்," என்றாள் ஊசி கவுன்டரில் உட்காரும் தூபா. "நீ ஒட்டுன நுனி வேற நம்பர் ஊசிக்கா. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன்."

அவள் துப்பட்டாவை விலக்கினாள். மடியில் ஊசி நோட்டு. கவுன்டரை விட்டு வெளியே வரக் கூடாதது.

"பின்னாடி அடுப்பு எரியுது. மேல மேனேஜர் இருக்காரு. எங்க எடுத்துனு போறதுன்னு நீயே சொல்லுக்கா."

மணி அடித்தது.

ஹெலன் நோட்டை வாங்கிப் பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டினாள். டேப்புக்கு அடியில் மூன்று துண்டுகள் மின்னின. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே, மாடிக்குப் போகும் கதவைத் தோளால் தள்ளினாள்.

தூபா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.