தரையோடு தரையாக

செங்கோடன் புது பிளேடை அறுக்கும் மெஷினில் மாட்டி, குனிந்து தரையில் படுக்க வைத்துப் பார்த்தான். கழுத்து வளைந்த பிளேடு. திருகு மேலே தூக்கி நிற்க, பல் மட்டும் டைல்ஸோடு ஒட்டிக்கொண்டது.

"இதுதான். மொதல்ல நீ வாங்கியாந்தது வெறும் மரத்துக்கு. ஆணி பட்டா அஞ்சு நிமிசத்துல மொட்டையாப் போயிரும்."

அம்சவேணி அதை மாற்றுவதற்காகவே மறுபடி பஸ் ஏறி மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய் வந்திருந்தாள். குடிவந்த அன்று திருஷ்டிக்காக வாசல் நிலையின் கீழ்க்கட்டையில் செங்கோடன் தன் கையாலேயே லாடம் அடித்தது கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? லாடத்தைப் பிடுங்கியாயிற்று. ஆணிகள் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டன.

கட்டை மூன்று அங்குல உயரம். சக்கர நாற்காலி அதைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அவள் காட்டு வேலைக்குப் போய்விட்டால், வாசலில் காயும் மிளகைக்கூட அவன் உள்ளே இருந்துதான் பார்க்கலாம்.

ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு வீட்டுக் கூரைக்குச் சட்டம் ஏற்றும்போது விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போனது. ஒரு வருடத்துக்குள் உணர்ச்சி திரும்பினால் நடக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். திரும்பாவிட்டால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் தினமும் காலையில் அவன் வலதுகால் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள். தெரியுதுங்களா என்பாள். மாசி மாதத்தில் ஒருநாள், லேசாத் தெரியுது என்றான். அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு தினமும் தெரிந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அவனைக் கோயிலுக்கு நடத்தியே கூட்டிவருவதாக வேண்டிக்கொண்டும் விட்டாள்.

"மூணு மாசத்துல நடக்கப் போறவருக்கு எதுக்குங்க நெலைய அறுக்கோணும்? வெள்ளிக்கெழம தவறாம மஞ்சப் பூசற எடமுங்க."

"நடக்கற வரைக்குந்தான். அப்பறம் புதுக்கட்டை வெச்சுக்கலாம்."

அவனை நாற்காலியிலிருந்து தூக்கித் தரையில் இறக்கிவிட்டாள். இடது காலைக் கையால் எடுத்து மடித்துக்கொண்டான். வலது காலை எடுத்துக் கட்டையின் ஓரமாக நீட்டி வைத்தான். டைல்ஸ் கீறாமல் இருக்கப் பழைய காலண்டர் அட்டையை விரித்து, சுவிட்சைத் தள்ளினான்.

ஏழு மாதம் பெட்டிக்குள் கிடந்த மெஷின் எதுவுமே நடக்காதது போல இரைந்தது.

ஒரு விரற்கடை ஆழத்துக்கு அறுத்தான். நிறுத்தி, உளியால் தட்டிச் சில்லைப் பெயர்த்தான். மறுபடி அறுத்தான். அழுத்தவே இல்லை, பிளேடை அதன் போக்கில் விட்டான். வேலையில் அவனைக் குறை சொல்ல இந்த மலையில் ஆள் கிடையாது.

கல்யாணமாகி வந்தபோது அவள் வலதுகால் எடுத்து வைத்துத் தாண்டிய கட்டை. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது நெஞ்சு.

ஆணி வந்தது. சத்தம் கிறீச்சென்று மாறியது. மெஷின் ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கவாட்டில் வழுக்கியது. அவன் இழுத்துப் பிடித்துப் பழைய கோட்டிலேயே வைத்தான். பிளேடு ஆணியைத் தின்றுகொண்டு உள்ளே போனது.

மரத்தூளில் சிவப்புத் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் என்று நினைத்தாள்.

சிவப்பு தூளை நனைத்துக்கொண்டு பரவியது.

அவள் தினமும் அழுத்திப் பார்க்கும் அதே பெருவிரல், பக்கவாட்டில் பிளந்திருந்தது. ரத்தம் அட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண் அறுக்கும் கோட்டிலேயே இருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவளுக்குக் கத்தத்தான் வாய் வந்தது. கத்தவில்லை.

"ஏனுங்க, காலு எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத் தெரியுது கண்ணு" என்றான், நிமிராமலே. "மரத்தூளுதான் குறுகுறுங்குது."

அம்சவேணி மாசியிலிருந்து கேட்ட அத்தனை தெரியுதுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் ஓடின. ஒன்றில்கூட இவன் குரல் தடுமாறியதில்லை. பாவி மனுசன், எல்லாவற்றையும் இவளுக்காகவே சொல்லியிருக்கிறான்.

கொடியில் கிடந்த வேட்டியின் ஓரத்தைக் கிழித்து எடுத்து வந்தாள். அவன் காலடியில் உட்கார்ந்து விரலைச் சுற்றினாள். அழுத்திப் பிடித்தாள். இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதுவரைக்கும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆணி அறுந்து சத்தம் தணிந்ததும்தான் திரும்பினான். அவள் கையைப் பார்த்தான். சிவந்திருந்த துணியைப் பார்த்தான். மெஷினை நிறுத்திவிட்டு, என்னவோ சொல்வதற்கு வாயைத் திறந்தான்.

அவள் அவனைச் சொல்ல விடவில்லை.

"பின்வாசலுக்கும் இதே மாதிரி ஒரு கட்டை இருக்குதுங்க" என்றாள். "அதையும் இன்னைக்கே அறுத்துருங்க."