வம்சத் தாள்

தலைவர் மேடையிலிருந்து அவளுடைய நாயைத்தான் கை காட்டினார்.

"அங்க பாருங்க, நம்ம தையல்கடை அக்காவோட உருண்டை. மூணு வருஷமா சாம்பியன். பத்தரை மாத்து. அது மூச்சு விடுற சத்தம் யாருக்காவது கேட்குதா?"

வாடகை அரங்கில் எழுபது பேர், நாற்பது நாய்கள். எல்லாம் வளர்ந்த பக் இன நாய்கள். சப்பை மூக்கும் பிதுங்கிய கண்ணுமாக, இரும்பு நாற்காலிகளுக்குக் கீழே கர்புர்ரென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. அவள் காலடியில் கிடந்த உருண்டை மட்டும் வாயை மூடிக்கொண்டு தூங்கியது.

கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக் வளர்ப்போர் சங்கத்தின் அன்றைய பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். கொண்டுவந்தவர் கால்நடை மருத்துவர். மூக்கு கொஞ்சம் நீண்ட வேறு இன நாயோடு ஒரே ஒரு முறை கலக்க அனுமதிக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் ஒளிக்காமல் எழுத வேண்டும். இப்படியே விட்டால் இந்த இனம் மூச்சுத் திணறியே அழிந்துவிடும் என்று படமெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார்.

தலைவர் நகைக்கடைக்காரர். கலப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

"சுத்த ரத்தத்துலயே இப்படி ஒரு நாய் வருதுல்ல, அப்புறம் கலப்பு எதுக்கு டாக்டர்? குறை வளர்க்கிறவங்ககிட்ட. இனத்துல இல்ல."

மருத்துவர் தன் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

இதற்குப் பதில் அவளிடம் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய முதல் நாய், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த அறையில், பட்டப்பகலில், காற்று கிடைக்காமல் அவள் மடியிலேயே செத்தது. அதற்கு ஒரு மகள் இருந்தது. அந்த மகளைச் சங்கத்து நாய் எதனோடும் அவள் சேர்க்கவில்லை. எதிர்க்கடை வெல்டர் வளர்த்த நாயோடு சேர்த்தாள். அதற்கு இனமும் கிடையாது, பெயரும் கிடையாது. கொளுத்தும் வெயிலில் லாரியைத் துரத்திவிட்டுத் திரும்பினாலும் அதற்கு இரைக்காது.

பிறந்த குட்டிக்குச் சங்கம் தரும் வம்சத் தாளில், அப்பா என்ற கட்டத்தில் தன் தம்பி வீட்டு நாயின் பெயரை எழுதினாள். தம்பி கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு இரண்டு தலைமுறை சுத்த பக்குகளோடு சேர்த்ததில் பழைய முகம் திரும்பி வந்துவிட்டது. நல்ல மூச்சும் தங்கிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் உருண்டை.

வம்சத் தாளில் மூன்று தலைமுறைக்குத்தான் இடம். உருண்டையின் தாளில் அந்தப் பொய் கடைசிக் கட்டத்தில் இருந்தது. உருண்டையின் குட்டிகளுடைய தாளில் அந்தக் கட்டமே இல்லை. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய் தானாக உதிர்ந்துவிடும்.

திறந்தால் நடப்பதும் தெரியும். பொய்ப் பதிவுக்கு விதி ஒன்பது. மூன்று பட்டமும் போகும். அவளும் தம்பியும் ஆயுளுக்கும் சங்கத்துக்கு வெளியே.

"சரி, ஓட்டுக்கு விடலாம். தீர்மானம் வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

கைகள் எழத் தொடங்கின. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, சும்மா உட்காரு. உனக்கு என்ன வேண்டுதலா?"

"உட்கார்ந்து உட்கார்ந்துதான்டா ஒன்பது வருஷம் போச்சு."

எழுந்தாள். மைக் இல்லாமல் பத்துப் பேர் முன்னால் பேசியதில்லை. மைக்கோடும் பேசியதில்லை.

"உருண்டை சுத்த ரத்தம் இல்ல. அதோட கொள்ளுத்தாத்தா எங்க எதிர்க்கடை வெல்டர் வளர்த்த தெரு நாய். தாள்ல மாத்தி எழுதினது நான். அதனாலதான் அதுக்கு மூச்சு வாங்கல."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மற்ற நாய்கள் காற்றை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவனும் எழுந்தான்.

"கையெழுத்து என்னோடது."

தலைவரின் காது நுனி சிவந்துவிட்டது. "செயலாளர், பதிவேட்டை எடுங்க. விதி ஒன்பது. இப்பவே பேரை அடிங்க."

செயலாளர் பதிவேட்டைத் திறந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். விதியை ஒரு முறை படித்தார். பிறகு உதடு அசைய இன்னொரு முறை.

"தலைவரே, பொய்ப் பதிவுன்னா அந்த நாயோட வாரிசு அத்தனையும் ரத்துன்னு இருக்கே."

"யாரு சேர்த்தது அதை?"

"நீங்கதான். போன வருஷத் திருத்தம்."

சாம்பியனின் குட்டி வேண்டும் என்று அவள் கடை வாசலில் வந்து நிற்காதவர்கள் அந்த அரங்கில் குறைவு. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் தன் கணவரைப் பார்த்தாள். அவர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் மடித்து வைத்த காகிதங்களைத் திரும்ப வெளியே எடுத்தார்.

அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தம்பிக்கே தெரியாது. காலையில், கடைக்குக்கூடப் போகாமல், பதிவேட்டில் இருப்பது போலவே வரிசையாக எழுதியது. இருபத்தாறு குட்டிகள். பெயர், பிறந்த தேதி, இப்போது வளரும் வீடு.

"அடிக்கிறதுன்னா எல்லாத்தையும் அடிங்க" என்றாள். "நான் வாசிக்கிறேன்."

தாளை விரித்தாள்.

முதல் பெயர் வைரம். பத்து மாதம். வளரும் வீடு, தலைவருடையது.