தள்ளி உட்கார்ந்தவள்

அத்தை தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சர்க்கரைப் பொங்கல். முந்திரி எல்லாம் என் தட்டில்தான் விழுந்திருந்தது.

வீட்டின் பின்பக்கம், துவைக்கும் கல்லை ஒட்டி, தனிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். மாதவிடாய் வந்தால் இந்த வீட்டில் மூன்று நாள் இங்கேதான். தனித் தட்டு, தனித் தம்ளர். அடுப்பைத் தொடக்கூடாது. குடத்தைத் தொடக்கூடாது.

எனக்கு வரவில்லை.

நவம்பரில் வரவில்லை. டிசம்பரிலும் வரவில்லை. ஆனாலும் நாளை எண்ணி, இரண்டு மாதமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தேன்.

இது மூன்றாவது தடவை.

அம்மா இறந்த வருடம் பள்ளிக்குப் போகவில்லை. அதனால் ஒரு வகுப்பு பின்தங்கிவிட்டேன். பிளஸ் ஒன் முடிந்தபோது பதினெட்டு. வைகாசியிலேயே கட்டிவைத்துவிட்டார்கள்.

எமிலி டீச்சர் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கே வந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை, பிளஸ் டூவை மட்டும் முடிக்கட்டும் என்று வாசலில் நின்று கெஞ்சினார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

அத்தை வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வயித்துல ஒண்ணு தங்குற வரைக்கும் வரட்டும் டீச்சர். அதுக்கப்புறம் அனுப்ப மாட்டேன்."

பொதுத்தேர்வு மார்ச்சில்.

அதனால்தான் இந்தப் பாய்.

முதல் தடவை பயமாக இருந்தது. இரண்டாவது தடவை, சொல்லவே கூசுகிறது, பிடித்திருந்தது.

தேய்க்கப் பாத்திரம் இல்லை. துவைக்கத் துணி இல்லை. பள்ளி விட்டு வந்ததும் இருட்டும் வரை படித்தேன். தெருமுனைக் குழாயிலிருந்து அத்தைதான் தண்ணீர் எடுத்து வந்தார். அவருக்கு இடது முட்டி மடங்காது. காலை இழுத்து இழுத்து வருவார். பாதிக் குடம் சேலையில் கொட்டியிருக்கும். மீதியை என் வாளியில் ஊற்றிவிட்டு மறுபடி போவார்.

நான் புத்தகத்தைப் பார்த்தபடியே இருப்பேன்.

பள்ளியில் கொடுத்த நாப்கினைப் பிரித்து, கசக்கி, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். குப்பையை எரிப்பதும் அத்தைதான்.

இந்த மாதம் எண்ணிப் பார்த்தபோது நாள் பொங்கலில் வந்து நின்றது.

எனக்குத் தலைப்பொங்கல். மருமகள் கையால் பானையில் அரிசி விழ வேண்டும். அத்தை ஒரு வாரத்துக்கு முன்பே புதுப்பானை வாங்கி, எனக்கு மாம்பழ நிறத்தில் சேலை எடுத்து வைத்திருந்தார். அவர் மகன் திருப்பூரிலிருந்து மூன்று நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

ஒரு நாள் முன்னே பின்னே மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தள்ளிப்போனால் தெரிந்துவிடும் என்கிற பயம்தான் இருந்தது.

விடியற்காலையில் பாயை எடுத்தேன். அத்தை என்னையே பார்த்தார். மடித்து வைத்திருந்த சேலையை எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

வாசலில் தனியாகத்தான் பொங்கல் வைத்தார். எதிர்வீட்டுப் பேச்சியம்மாளின் குரல் பின்பக்கம் வரை கேட்டது.

"என்ன மதினி, ஒம் மருமக தலப்பொங்கலுக்கே ஒதுங்கிட்டாளா? நல்ல நாள் பாத்தா போ."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அத்தையின் பதில் என் காதில் விழவில்லை. விழக்கூடாது என்று கெமிஸ்ட்ரியைச் சத்தமாகப் படித்தேன்.

பானை பொங்கியபோது குலவை ஒற்றைக் குரலாக வந்தது.

தட்டைத் தள்ளிவிட்ட பிறகும் அத்தை போகவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியை நீட்டி, மெல்லத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். நான் ஒதுங்கியிருக்கும்போது அவர் இங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் கால் என் பாயில் பட்டது.

பதறிப்போய்ப் பாயை இழுத்தேன்.

அவர் காலை எடுக்கவில்லை.

கடைசிப் பரீட்சை என்றைக்கு என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மார்ச் இருபத்தைந்து என்றேன்.

கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஓட்டி எண்ணினார். நடுவில் சந்தேகம் வந்து முதலிலிருந்து எண்ணினார்.

"அப்ப இன்னும் ரெண்டு தடவ உக்காரணும்."

தலையைத் தூக்க முடியவில்லை. அவர் பாதத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவர் மகன். அம்மாவைத் தேடி வருகிறார்.

அத்தை திரும்பாமலே சொன்னார்.

"அங்கனயே நில்லுய்யா. அவ தீட்டோட இருக்கா."