நூற்றுக்கு எழுபது

"பிரான்சா? வேணவே வேணாம்," என்றார் விஸ்வலிங்கம்.

மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் கிராணியாகப் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவர். செர்னோபில் அணு உலை வெடித்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மகள் புஷ்பராணி முன் ஒரு தாளை விரித்தார். எந்த நாட்டில் நூறு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் அணுவிலிருந்து வருகிறது என்று பத்திரிகைகளைத் துருவி எடுத்த பட்டியல். சுவீடன் ஐம்பது. இங்கிலாந்து இருபதுக்குக் கிட்டே. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில், பிரான்ஸ் எழுபது.

பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்க்கும் பெஞ்சமினைக் கம்பெனி மூன்று வருஷத்துக்குப் பிரான்சுக்கு அனுப்புகிறது. அடுத்த மாசம் விமானம். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட அவன் ஆசைப்பட்டான். அவளும்தான்.

"அவன் வேதக்காரன்னு நான் சொல்லல. மதமெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லம்மா. அந்த ஊர்க் காத்தை நீ சுவாசிக்கணும், நாளைக்கு உன் பிள்ளை சுவாசிக்கணும். அதுதான் எனக்குப் பயம்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. இப்படி உருகுகிற அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. பெஞ்சமினிடம் முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அழுது தீர்த்தாள்.

அந்த வாரமே ஆஸ்திரேலியாவிலிருந்து அப்பா பார்த்த மாப்பிள்ளை கார்த்திகேசு பெண் பார்க்க வந்துவிட்டான். சுரங்க எஞ்சினியர் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் ஆஸ்திரேலியாவுக்கு நேரே பூஜ்யம். விஸ்வலிங்கம் பெருமையோடு தாளை அவனிடமே நீட்டினார்.

படித்துவிட்டு அவன் சிரித்தான். "எங்க ஊர்ல உலை இல்லதான், மாமா. ஆனா வெளிநாட்டு உலைங்களுக்கு யுரேனியம் தோண்டி அனுப்புறதே நாங்கதான். என் வேலையே அதுதான்."

புஷ்பராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்க்க வந்தவனிடம் பேசக்கூடாது என்பதையே மறந்து, தூசி படியாதா என்று கேட்டுவிட்டாள். தலை முதல் கால் வரை படியும், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம் என்றான் அவன்.

அடுத்த கணமே அவளுக்குள் ஒரு துள்ளல். எழுபதுக்கே அழுத அப்பா, யுரேனியத்தையா விட்டுவைப்பார்? இந்தச் சம்பந்தம் இப்போதே முறிந்துவிடும். மனசுக்குள் தண்ணீர்மலை முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

விஸ்வலிங்கம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பலகாரத் தட்டை மாப்பிள்ளைப் பக்கம் நகர்த்தினார்.

"அதனால என்ன லா, தம்பி? நம்ம சாமியைக் கும்பிடுற பிள்ளை. அது போதும்."