சவரிமுத்துவின் சமிக்ஞை

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளில் சவரிமுத்து கண்டெடுத்த சமிக்ஞைக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். வேற்றுக்கிரகத்தின் முதல் குரல் அதுதான் என்று அவரைப் போலவே வீட்டுக் கணினியில் வானத்தை ஆராயும் தன்னார்வலர்கள் பலரும் நம்பினார்கள். அதைப் பற்றிய ஆய்வின் இறுதி முடிவு வந்த அன்று அவர் தூத்துக்குடி மருத்துவமனையில் மூச்சுத் திணறிக் கிடந்தார். மடிக்கணினித் திரையில் அதைப் படித்த மனைவி ஜெசிந்தாவுக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று மனம் தடுமாறியது.

"என்ன போட்டிருக்கு? மறைக்காம சொல்லு."

"நிலாவுல ஓடுற நம்ம சுரங்க வண்டியோட அலைதாங்க."

கண்டுபிடித்தவர் சம்மதித்தால்தான் வேற்றுக்கிரக சமிக்ஞைகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க முடியும்.

"அழிச்சிரு ஜெசி. இத நம்பி யாரும் காத்துக் கெடக்கக் கூடாது."

அவள் அழுதுகொண்டே அழித்தாள். ஆராய வேண்டிய அடுத்த வானத்துண்டு திரையில் வந்து நின்றது.

"என் கண்ணாடிய எடு" என்றார் சவரிமுத்து.