வேலி மேய்ந்த பயிர்

"வேலியே பயிரை மேயுதும்மா! உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைக் கடிச்சுக் குதறுதோன்னு நான் பயப்படறேன். 'குழந்தை சுபாவம் அப்படித்தான்'னு எந்தப் புத்திசாலி சொன்னான்?"

டாக்டர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். பேனாக்கள் துள்ளி விழுந்தன. வெளியே வரிசையில் அழுதுகொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

எதிரே உட்கார்ந்திருந்த, குழந்தையின் அத்தைக்காரி அசரவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கும் தன் குரலை அன்று மட்டும் பூனைக்குட்டி போல மடக்கி வைத்திருந்தாள்.

"சொன்னவர் பெரிய டாக்டருங்க. படிச்ச பட்டமெல்லாம் சுவத்துல இடம் போதாம தொங்குது."

"தொங்கட்டும்! நீங்க மறுபடி சொல்லுங்க."

"மூணு வயசுங்க. வீட்டையே தலைகீழாப் புரட்டின பொண்ணு, இப்ப உட்கார்ந்த இடத்துல தூங்கறா. கொளுத்தற வெயில்ல போர்வை கேக்கறா. தோல் மரப்பட்டையாட்டம் ஆயிடுச்சு. வெளிக்குப் போறதுக்குள்ள அழுது தீர்த்துடறா. ரத்தம் பாக்கலாமான்னு எங்க அண்ணி கேட்டதுக்கு, 'அம்மாக்களுக்கு வேற வேலையே இல்ல'ன்னு சிரிச்சாராம்."

"சிரிச்சானா?" டாக்டரின் மூக்கு விடைத்தது. "வளர்ற வயசு! தைராய்டு குறைஞ்சா மூளை, எலும்பு எல்லாம் அடிபடும். ஒரு சொட்டு ரத்தத்துல தெரியற விஷயம். மாத்திரை போட்டா சரியாகிடும். அந்த ஆளெல்லாம் குழந்தைக்கு வைத்தியம் பாக்கக் கூடாது, கோழிப் பண்ணைக்குப் போகணும்!"

"கோழிங்க பாவம், டாக்டர்."

"அதுவும் சரிதான்." பரிசோதனைச் சீட்டைக் காகிதம் கிழியக் கிழிய எழுதி நீட்டினார். "இன்னிக்கே எடுங்க. அந்த ஆளை ஒரு நாள் என் முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். குழந்தை எங்கே?"

அத்தை சீட்டை வாங்கி முந்தானையில் இறுக முடிந்துகொண்டாள். பிறகுதான் தன் சொந்தக் குரலை அவிழ்த்துவிட்டாள்.

"அண்ணி! உள்ள வாங்க!"

கதவு திறந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த குழந்தை, போன மாதம் இதே அறையில் தனக்குப் பலூன் ஊதிக் கொடுத்த டாக்டர் மாமாவைப் பார்த்துத் தூக்கக் கலக்கத்திலும் கை ஆட்டியது.

டாக்டரின் கை, ஆட்டவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் பாதியில் நின்றது.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலை, டாக்டர்," என்றாள் அத்தை. "இவளுக்குப் பிறவியிலேயே 'டவுன் சிண்ட்ரோம்' இருக்குங்கறதை மட்டும் விட்டுட்டேன். அது இருக்கற குழந்தைங்களுக்குத்தான் இந்த நோய் மத்தவங்களைவிட அதிகமா வரும். ஆனா அதைச் சொல்லியிருந்தா, போன மாசம் மாதிரியே 'சுபாவம் அப்படித்தான்'னு பலூனை ஊதி அனுப்பியிருப்பீங்க."